நாய் யாரைப் பார்க்கிறது?

எமது ஊர்களில் வீட்டு நாயை யாரும் அமர்த்திப் பழக்கியதில்லை. அது முற்றத்தோடு சேர்ந்தது. மிஞ்சிய சோற்றைத் தின்று, இரவில் குரைத்து, மத்தியானத்தில் வேலியோரம் படுத்திருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வந்தாலும் வரும், வராமலும் விடும். ஐரோப்பாவுக்கு வந்த பின்னர்தான், நாலடிக்கு ஒருமுறை எசமானின் முகத்தை நிமிர்ந்து பார்த்தபடி நடக்கும் நாய்களை நாம் கண்டோம். அந்தப் பார்வைக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதன் பெரும்பகுதி யேர்மனியில் நடந்தது.

1906இல் சார்புறூக்கன் நகரப் பொலிஸ் அதிகாரியாக இருந்த கொன்ராட் மோஸ்ட் நாய்களைப் பழக்கத் தொடங்கினார். 1910இல் அதுபற்றி ஒரு கைநூல் எழுதினார். நாய்க்கு நன்மை தீமை தெரியாது, தன் செயலுக்கு உடனே கிடைக்கும் விளைவுதான் தெரியும் என்பது அவரது கொள்கை. பின்னாளில் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் ஆய்வுகூடத்தில் காட்டியவற்றிற் சிலவற்றை இவர் மைதானத்திலேயே கண்டுகொண்டிருந்தார். தட்டிக்கொடுத்தலும் அவரிடம் இருந்தது; பிரம்பும், உட்புறம் முள் வைத்த கழுத்துப்பட்டியும் இருந்தன. நாய் எசமானைக் கவனித்ததற்கு நோவும் ஒரு காரணம். எல்லைகளில் பொலிஸ் நாய்க்கு முன்னால் நின்ற எம்மவர், அது ஒரேயொரு சொல்லுக்காகக் காத்திருந்த விதத்தை மறந்திருக்க மாட்டார்கள்.

பிறகு முதலாம் உலகப்போர் வந்தது. நச்சுவாயுவாலும் எறிகணைகளாலும் கண்ணிழந்த படையினர் ஆயிரக்கணக்கில் திரும்பினர். காயப்பட்டோரைத் தேடும் நாய்களைப் பழக்கிய சங்கத்தைச் சேர்ந்த கேர்காட் ஸ்ராலிங், 1916 ஓகஸ்ட்டில் ஓல்டன்பேர்க்கில் வழிகாட்டி நாய்களுக்கான பாடசாலையைத் தொடங்கினார். உலகில் இவ்வகையில் அதுவே முதலாவது. 1923இல் பொற்ஸ்டாமில் இன்னொன்று வந்தது.

இங்கே பழைய பாடம் போதவில்லை. பார்வையற்றவரின் முகத்தை நிமிர்ந்து பார்த்து நாய்க்கு என்ன பயன்? அங்கிருந்து கண்சாடை வராது. அது தெருவைப் பார்க்க வேண்டும். அதேவேளை, தன்னோடு வருபவரையும் மறக்கக்கூடாது. நடைபாதை விளிம்பில் நிற்க வேண்டும். எசமான் "போ" என்றாலும் வாகனம் வந்தால் அசையக் கூடாது. சொல்லுக் கேளாமையையும் பாடமாக்க வேண்டியிருந்தது. பிரம்புக்குப் பயந்த நாயிடம் இதை எப்படி எதிர்பார்ப்பது?

இன்னொரு சிக்கலும் இருந்தது. நாய் குனியாமலே கடந்துபோகும் தபாற்பெட்டியில் மனிதரின் தலை மோதும். திறந்து கிடக்கும் யன்னற் கதவு நாயின் உலகத்தில் இல்லவே இல்லை. ஹம்பேர்க் உயிரியலாளர் யாக்கோப் பொன் உக்ஸ்கியூலும் எமானுவேல் சாரிசும் 1930களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு வழி கண்டனர். மனித உயரத்தில் சட்டம் பொருத்திய வண்டியை நாயின் பின்னே பூட்டினார்கள். தனக்கு இடமிருந்த இடத்தில் வண்டி முட்டுப்பட்டு நின்றபோது, நாய் தன் உடம்புக்கு மேலே இன்னொரு உடம்பின் அளவையும் படித்துக்கொண்டது. எமக்குத் தெரிந்த நாய்ப் பாடங்களுள் இதைவிட அழகானது வேறில்லை.

இதற்கும் சில வருடம் முன்பே, சுவிற்சர்லாந்தில் வெவே நகருக்கு மேலே நாய்ப் பண்ணை நடத்திய அமெரிக்கப் பெண்மணி டொறதி யூஸ்ரிஸ், பொற்ஸ்டாமிற் கண்டவற்றை 1927இல் ஓர் அமெரிக்கச் சஞ்சிகையில் எழுதியிருந்தார். நாஷ்வில் நகரில் அதை வாசிக்கக் கேட்ட மொறிஸ் பிராங்க் என்ற பார்வையற்ற இளைஞர் கடல் கடந்து அவரிடம் வந்தார். அவருக்குக் கொடுக்கப்பட்ட நாயின் பெயரை 'பட்டி' என்று மாற்றிக்கொண்டார். அதைப் பழக்கி முடித்திருந்தார்கள். இனிப் பழக வேண்டியவர் அவர்தான்: கைபிடி வழியாக வரும் நாயின் அசைவைக் கவனிக்க, அது நின்றால் தானும் நிற்க.

1928இல் நியூயோர்க்கில் பத்திரிகையாளர்கள் ஓர் அகன்ற தெருவைக் கடந்து காட்டும்படி சவால் விட்டனர். லொறிகளின் இரைச்சலுக்குள் திசை முற்றாகத் தப்பிப்போய், நாயிடமே தன்னை ஒப்படைத்து நடந்ததாக அவர் பின்னர் எழுதினார். மறுபக்கம் சேர்ந்ததும் யூஸ்ரிசுக்கு ஒரு சொல்லில் தந்தியடித்தார்: வெற்றி.