வெனிஸ் கெட்டோ - காவல்காரனுக்கும் சம்பளம் கொடுத்த கைதிகள்

வெனிஸ்னு சொன்னதும் நம்மாளுங்களுக்கு ஞாபகம் வர்றது படகு, புறாக்கூட்டம், சான் மார்க்கோ சதுக்கம். (பாடப்புத்தகத்துல பார்த்த ஷைலக்கும் கூடவே வருவார்!) ஆனா அதே ஊர்ல, ரயில் நிலையத்துலேருந்து பத்து பதினஞ்சு நிமிஷ நடையில, உலகத்துக்கே ஒரு வார்த்தையைக் கொடுத்த இடம் இருக்கு. கெட்டோ. இன்னிக்கு எந்த நாட்டுல எந்த ஜனங்களை ஒதுக்கி வெச்சாலும் இந்த வார்த்தையைத்தான் சொல்றோம். அதோட சொந்த ஊரை ஒரு சுத்து சுத்திட்டு வருவோம், வாங்க. பாலம் ஏறி இறங்கணும், நல்ல செருப்பா போட்டுக்குங்க.

ஸ்டேஷன்லேருந்து கடைவீதி வழியா வந்து, குல்யே பாலத்துல கன்னரேஜோ கால்வாயைத் தாண்டி இடதுபக்கம் திரும்பினா, கட்டடத்துக்கு அடியில ஒரு தணிவான நடைவழி. கவனிக்காம போனா தாண்டிப் போயிடுவோம். உள்ளே நுழையறப்போ ரெண்டு பக்கத்துக் கல்லையும் பாருங்க. பழைய கதவோட கீல் இருந்த பள்ளம் தெரியும். கதை இந்தக் கதவுலதான் ஆரம்பிக்குது.

1509-ல வெனிஸ் குடியரசுக்குப் போர்ல பலத்த அடி. எதிரிப்படை நிலப்பகுதிக்குள்ள வந்ததும் பதுவா, மெஸ்த்ரே பக்கத்து யூதர்கள் உயிர் தப்பி நகரத்துக்குள்ள ஓடி வந்தாங்க. அதுவரைக்கும் யூதர்கள் நகரத்துல நிரந்தரமா தங்க அரசாங்கம் பெரும்பாலும் விட்டதில்லை. இப்போ ரெண்டுங்கெட்டான் நிலைமை. போர்ச்செலவுக்கு அவங்க கொடுக்கிற வரி வேணும், ஏழைபாழைக்குக் கடன் கொடுக்க அவங்க அடகுக்கடை வேணும். ஆனா அவங்களைத் துரத்தணும்னு கோயில்ல பாதிரிமார் பிரசங்கம் பண்றாங்க. ஆளும் வேணும், ஆளோட முகமும் தெரியக்கூடாது. செனட் கண்டுபிடிச்ச வழிதான் 1516 மார்ச் 29 ஆணை: எல்லாரும் ஒரே தீவுக்குப் போங்க, ராத்திரி கதவைப் பூட்டிடுவோம்.

அந்த இடத்துல முன்னாடி செம்பு உருக்கிப் பீரங்கி வார்க்கிற பட்டறை இருந்துச்சு. வெனிஸ் பேச்சுல பட்டறைக்கு 'ஜெத்தோ'. ஜெர்மானிய யூதர்கள் வாயில 'ஜ' போய் 'க' வந்து 'கெட்டோ' ஆச்சுங்கறது பலரும் ஒத்துக்கற விளக்கம். இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, யூதர்களை முதல்ல வெச்ச இடத்துக்குப் பேர் 'புதிய கெட்டோ'. 1541-ல சேர்த்த இடத்துக்குப் பேர் 'பழைய கெட்டோ'. புதுப் பட்டறை, பழைய பட்டறைங்கற கணக்கு அது, குடியேறின வரிசை இல்லை. மொத தடவை போறவங்க இதுல குழம்புறது சகஜம் :-) 1633-ல 'மிகப் புதிய கெட்டோ'ன்னு மூணாவதா ஒண்ணும் சேர்ந்துச்சு.

யூதர்களைத் தனியா அடைச்ச முதல் ஊர் வெனிஸ்தான்னு சொல்லிட முடியாது. ஃபிராங்க்ஃபர்ட்ல 1462-லேயே யூதர் தெரு வந்தாச்சு. வெனிஸ்லயே ஜெர்மன் வியாபாரிகளை ரியால்த்தோ பக்கத்துல ஒரு கட்டடத்துல தங்க வெச்சு ராத்திரி பூட்டினாங்க. ஆனா வியாபாரி சரக்கை வித்துட்டு ஊருக்குப் போயிடுவான். இவங்க பொண்டாட்டி புள்ளைங்களோட, தலைமுறை தலைமுறையா, 281 வருஷம் உள்ளே இருந்தாங்க.

இப்போ அந்த ஆணையோட ஷரத்துகளைக் கேளுங்க. காலையில சான் மார்க்கோ பெரிய மணி அடிச்சதும் கதவு திறக்கும், ராத்திரி மூடும். காவலுக்கு நாலு கிறிஸ்தவக் காவல்காரங்க. சுத்தியிருக்கிற கால்வாய்ல ரோந்துக்கு ரெண்டு படகு. இத்தனைக்கும் சம்பளம் யார் கொடுக்கறது? உள்ளே பூட்டப்பட்டவங்கதான்! சொந்தமா வீடு வாங்கக்கூடாது. ஏற்கெனவே இருந்த குடித்தனக்காரங்க கொடுத்ததைவிட மூணுல ஒரு பங்கு கூடுதலா வாடகை. வெளியே வந்தா மஞ்சள் தொப்பி, பிற்பாடு சிவப்பு. ராத்திரியில வெளியே போக விதிவிலக்கு யாருக்குன்னா மருத்துவர்களுக்கு. கிறிஸ்தவ நோயாளிக்கு நடுராத்திரி வயித்துவலி வந்தா யூத வைத்தியர் வேணுமே!

கொஞ்சம் உள்ளே நடந்தா சுவர்ல 1704-ஆம் வருஷக் கல்வெட்டு ஒண்ணு. கிறிஸ்தவத்துக்கு மதம் மாறின யூதர்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூடாது, சொந்தக்காரங்க வீட்டுக்கும் வரக்கூடாது. மீறினா சவுக்கடி, சிறை, கப்பல்ல துடுப்புத் தள்ற தண்டனை. காட்டிக் கொடுக்கிறவங்களுக்குச் சன்மானம் உண்டு. மதம் மாறினவன் தன் அம்மாவைப் பார்க்கப் போறதும் குற்றம்தான்.

அடுத்து ஒரு சின்ன முற்றம், எதிரும் புதிருமா ரெண்டு ஜெபாலயங்கள். ஒண்ணு ஒட்டோமான் நாட்டுலேருந்து வந்த லெவாந்த்தீனோ வியாபாரிகளோடது. இன்னொண்ணு ஸ்பெயின், போர்ச்சுகல்லேருந்து விரட்டப்பட்டவங்களோடது. ஒரு மரப்பாலத்தைத் தாண்டினா புதிய கெட்டோ மைதானம். இங்கே இன்னும் மூணு. வெளியிலேருந்து பார்த்தா கோயில்னே தெரியாது, எல்லாம் மாடியில இருக்கு. அண்ணாந்து பார்த்து வரிசையா அஞ்சு பெரிய ஜன்னல் இருக்கான்னு எண்ணுங்க. இருந்தா அதுதான். உள்ளே போக வழிகாட்டியோடதான் விடுவாங்க.

அண்ணாந்து பார்த்த கண்ணோட வீடுகளையும் பார்த்துடுங்க. வெனிஸ்ல வேற எங்கேயும் இவ்வளவு உயர வீடு கிடையாது. ஏழு எட்டு மாடி, ஆனா ஒவ்வொரு மாடியும் தலை தட்டற உயரம். காரணம் எளிசு. முதல்ல சுமார் 700 பேர். பதினேழாம் நூற்றாண்டுல அதைப்போல பல மடங்கு. தீவு வளராது, அதனால வீடு மேலே வளர்ந்துச்சு. இருந்த தளத்தையே ரெண்டா பிரிச்சும் குடியிருந்தாங்க.

கீழே 'சிவப்பு வங்கி'ன்னு ஒரு பழைய அடகுக்கடை. பச்சை, கருப்புன்னும் இருந்துச்சாம். விருப்பப்பட்டு நடத்தின தொழில் இல்லை இது. ஊர்ல தங்கணும்னா கடையை நடத்தியே ஆகணும்ங்கறது ஒப்பந்தம். வட்டியையும் பிற்பாடு 5 சதவீதம்னு அரசாங்கமே கட்டிப் போட்டுச்சு. ஷைலக்கை வட்டிக்காரன்னு திட்டின ஊர் பண்ணின ஏற்பாடு இது!

புத்தகப் பிரியர்களுக்கு ஒரு செய்தி. முழு பாபிலோனிய தால்மூத் முதன்முதலா அச்சாச்சே, அது இந்த ஊர்லதான், 1520-23-ல. அச்சடிச்சவர் தானியேல் பொம்பெர்க், ஆன்ட்வெர்ப் கிறிஸ்தவர். அவர் போட்ட பக்க எண்ணைத்தான் இன்னிக்கும் உலகம் பூரா தால்மூத் படிக்கிறவங்க மேற்கோள் காட்டறாங்க. முப்பது வருஷம் கழிச்சு, 1553-ல, போப்போட உத்தரவுன்னு அதே தால்மூத்தை சான் மார்க்கோ சதுக்கத்துல போட்டுக் கொளுத்தினாங்க. அச்சடிச்சதும் இதே ஊர், எரிச்சதும் இதே ஊர்.

1797-ல நெப்போலியன் படை வந்துச்சு, குடியரசு விழுந்துச்சு. ஜூலை மாசம் கெட்டோ கதவுகளைப் பிடுங்கி, இந்த மைதானத்துலயே போட்டு எரிச்சு ஆடிப் பாடினாங்க. முழு உரிமை 1866-ல இத்தாலியோட சேர்ந்தப்புறம்தான் வந்துச்சு.

கதை இங்கே முடிஞ்சிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்...

1938-ல முசோலினியோட இனச் சட்டங்கள். 1943 செப்டம்பர்ல ஜெர்மன் படை வந்துடுச்சு. அப்போ யூதச் சமூகத்தோட தலைவர் ஜியூசெப்பே ஜோனா, எழுபதைத் தாண்டின மருத்துவர். சமூகத்து ஆட்களோட பெயர்ப் பட்டியலைக் கொடுக்க வேண்டிய நிலைமை. செப்டம்பர் 17 அன்னிக்கு அவர் தற்கொலை செஞ்சுக்கிட்டார். பட்டியல் அவர் கையால போகலை. அதனால பலருக்குத் தப்பிக்க அவகாசம் கிடைச்சதுன்னு ஊர் இன்னிக்கும் சொல்லுது. அப்படியும் டிசம்பர்ல வேட்டை நடந்துச்சு. 1944 ஆகஸ்ட்ல மைதானத்து ஓரத்துல இருக்கிற முதியோர் இல்லத்துலேருந்து நடக்கமுடியாத கிழவர்களையும் தூக்கிட்டுப் போனாங்க. அவங்களோடயே போனவர் ரபி அடோல்ஃபோ ஓத்தோலெங்கி. வெனிஸ்லேருந்து கொண்டுபோன 246 பேர்ல திரும்பி வந்தவங்களைக் கைவிரல் விட்டு எண்ணிடலாம்.

மைதானத்துச் சுவர்ல ஆர்பிட் பிளாதாஸ் செஞ்ச ஏழு வெண்கலத் தகடுகள் இருக்கு. 1980-ல வெச்சது. கிட்டத்துலேயே 'கடைசி ரயில்', அது 1993. பின்னாடி மரப்பலகைகள்ல பெயர்களும் வயசும். மெதுவா படிங்க. பூட்டி வைக்க ஒரு அரசாங்கம் தலைகளை எண்ணுச்சு, கொல்றதுக்கு இன்னொண்ணு எண்ணுச்சு. நடுவுல ஒரே ஒரு கிழவர் கணக்குக் கொடுக்க மாட்டேன்னுட்டார். வெனிஸ்ல நான் தெரிஞ்சுக்கிட்டதுல மறக்க முடியாதது அதுதான்.

இன்னிக்கு வெனிஸ் யூதர்கள் ஐநூறு பேருக்கும் குறைவு. கெட்டோவுக்குள்ள வசிக்கிறவங்க அதுலயும் சொற்பம். போறவங்க சனிக்கிழமை மட்டும் போகாதீங்க, ஜெபாலயச் சுற்றுலா இருக்காது. கதவு நிலைகளோட வலதுபக்கத்துல சாய்வா ஒரு சின்னக் குழி தெரிஞ்சா தொட்டுப் பாருங்க. வேத வாசகம் வெச்ச மெசூசா இருந்த இடம் அது. அந்த வீட்டுல இப்போ வேற யாரோ இருக்காங்க.