வெளியே தள்ளப்பட்டவனா, உள்ளே கட்டப்பட்டவனா? – ‘பரையா’ என்கிற ஆங்கிலச் சொல்லின் கதை

ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்கள் என்று நம்ம பண்டிதர்கள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி. மேடையில் இதைச் சொல்லும்போது அவர்களுக்கு நெஞ்சு நிமிரும். பட்டியலில் இன்னும் இரண்டு சொற்கள் உண்டு. அவை வரும்போது மட்டும் குரல் கம்மிப்போகும். ஒன்று கூலி. மற்றொன்று பறையன்.

ஆங்கில அகராதியில் ‘பரையா’ என்று தேடினால் பல பொருள் கிடைக்கிறது. தென்னிந்தியாவில் ஒரு சாதியைச் சேர்ந்தவன் என்பது ஒன்று. சமூகத்தால் ஒதுக்கித் தள்ளப்பட்ட எவனும் என்பது இரண்டாவது. ‘பரையா டாக்’ என்று சேர்த்துச் சொன்னால் சொந்தக்காரன் இல்லாமல் தெருவில் அலைகிற நாய். இது போதாது என்று கடந்த ஐம்பது வருஷத்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: மற்ற நாடுகள் உறவை முறித்துக்கொண்ட அரசாங்கம், அதாவது ‘பரையா ஸ்டேட்’. மனுஷனுக்கும் நாய்க்கும் நாட்டுக்கும் ஒரே பேர். அந்தப் பேர் நம்முடையது. கேட்காமலே எடுத்துக்கொண்டு போனார்கள். எடுத்துப்போன இடத்தில் அதற்கு என்ன ஆச்சு, திரும்பி வந்து நமக்கு என்ன செய்தது என்று நாம்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

தமிழில் பறை என்றால் தோல் கருவி. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றைக்கும் பேச்சுவழக்கில் அதுதான் சொல். சேதி சொல்கிற கருவியும் சொல்லுகிற செயலும் ஒரே வேரில் நிற்கின்றன. புறநானூற்றின் 335ஆம் பாட்டு பறையனை நான்கு குடிகளில் ஒன்றாக, மதிப்போடு சொல்கிறது. அங்கே தீட்டு இல்லை. 11ஆம் நூற்றாண்டில் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுக்கு வந்தால் ‘பறைச்சேரி’ வந்துவிடுகிறது, ‘தீண்டாச்சேரி’யும் வந்துவிடுகிறது. வரி இல்லாத நிலக் கணக்கில் குளமும் சுடுகாடும் எழுதும்போது கூடவே சேரியையும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆக, இந்தப் பேரை முதலில் கெடுத்தவன் வெள்ளைக்காரன் இல்லை. கெட்டுப்போன பேரைத்தான் அவன் வாங்கிக்கொண்டு போனான்.

1516 வாக்கில் துவார்த்தே பர்போசா என்ற போர்ச்சுக்கீசியர் மலபார் கரைச் சாதிகளைப் பற்றி எழுதியபோது இந்தப் பேரையும் எழுதினார். 1613இல் சாமுவேல் பர்ச்சாஸ் எழுதிய புத்தகத்தின் வழியாக ஆங்கிலத்தில் ஏறியது. பிறகு சென்னைப் பட்டணம் வந்தது, கோட்டை வந்தது. மாட்டுக்கறி சமைக்க, குதிரையைப் பார்த்துக்கொள்ள, பிள்ளையைத் தூக்கிக்கொள்ள துரைமார்களுக்கு ஆள் வேண்டும். அந்த வேலைக்கு நம்மாட்கள்தான் நிறையப் போனார்கள். கம்பெனியின் சென்னைப் பட்டாளத்திலும் சேர்ந்தார்கள். துரை வீட்டில் நாள் முழுக்கக் காதில் விழுந்த சாதிப் பேர் இது ஒன்றுதான். அதனால் கீழே இருக்கிறதற்கெல்லாம் அவன் இதையே வைத்தான். தெருநாய் பரையா நாய். ஊருக்கு மேலே வட்டமடிக்கிற பருந்து பரையா பருந்து. மட்டமான சாராயம் பரையா சாராயம்.

இதையெல்லாம் தொகுத்து வைத்திருக்கிற புத்தகம் 1886இல் யூலும் பர்னெலும் வெளியிட்ட ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதி. அதில் ஒரு வேடிக்கை. வங்காளத்தில் கலியாணமான வெள்ளைச் சிப்பாய்களின் குடியிருப்புக்குப் ‘பச்சேரி’ என்று பேர் இருந்திருக்கிறது. சென்னைப் பக்கத்துப் ‘பறைச்சேரி’தான் சிப்பாய் வாயில் ஏறி வடக்கே போயிருக்கிறது என்று அகராதிக்காரர்கள் கருதுகிறார்கள். வெள்ளைக்காரன் தெரியாமலே சேரியில் குடியிருந்திருக்கிறான்! அதே அகராதி இன்னொன்றும் சொல்கிறது: பறையர்கள் சாதி இழந்தவர்கள் என்பது ஐரோப்பியர்களின் தப்பான எண்ணம். 1886இலேயே ஆங்கிலேயனின் சொந்த அகராதி இப்படி எழுதிவிட்டது. ஆனால் ஆங்கிலம் தன் அகராதி பேச்சையே கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை? அதற்குள் அந்தச் சொல் நாடக மேடை ஏறிவிட்டது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பெர்னார்தேன் தெ சேன்பியேர் ஒரு கதை எழுதினார். உண்மையைத் தேடி இந்தியாவுக்கு வருகிற ஆங்கிலேய அறிஞன் பிராமணர்களிடம் அதைக் காணாமல், காட்டுக்குள் குடிசை போட்டு வாழ்கிற ஒரு ‘பாரியா’விடம் காண்கிறான். 1821இல் பாரிஸில் காசிமிர் தெலவீஞின் ‘பாரியா’ நாடகம் நடந்தது. அதில் சாதியை மறைத்துப் படைத்தலைவனான ஒருவன், புரோகிதன் மகளைக் காதலித்து உயிரை விடுகிறான். 1823இல் யூத எழுத்தாளர் மிகாயேல் பேர் பெர்லினில் ஒரு ‘பாரியா’வை மேடையேற்றினார். கதே இதே பேரில் கவிதை எழுதினார். 1829இல் இத்தாலியில் தோனிசெத்தி இசைநாடகம் போட்டார். 1838இல் ஃப்ளோரா திரிஸ்தான் என்ற பெண் தன் பயண நூலின் தலைப்பிலேயே தன்னைப் பாரியா என்று அறிவித்துக்கொண்டார். புருஷனைப் பிரிந்த பெண்ணுக்குச் சட்டத்தில் இடமில்லாத காலம் அது. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

இவர்கள் யாரும் நம்மை இழிவுபடுத்த எழுதவில்லை, பரிவோடுதான் எழுதினார்கள். மன்னனையும் பாதிரியையும் எதிர்க்க அவர்களுக்கு ஓர் உருவம் தேவைப்பட்டது, அதற்கு நாம் கிடைத்தோம். ஆனால் அந்த மேடையில் இருக்கிற பாரியாவைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அவன் தனி ஆள். அவனுக்குச் சேரி கிடையாது, சொந்தபந்தம் கிடையாது. முக்கியமாக அவனுக்கு வேலை கிடையாது. நாற்றுப் பறிக்கவில்லை, ஏர் ஓட்டவில்லை, கதிர் அறுக்கவில்லை. காட்டில் உட்கார்ந்து தத்துவம் பேசுகிறான். எல்லாரும் சேர்ந்து வெளியே தள்ளிவிட்ட மனுஷன், அவ்வளவுதான்.

நம் கதை அப்படியா? செங்கல்பட்டு ஜில்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1891இல் அங்கே கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர் நம் மக்கள் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். சட்டப்புத்தகத்தில் 1843இலேயே அடிமைத்தனம் முடிந்துவிட்டது. ஆனால் கிராமத்தில் கடன்பட்ட படியாள், கடன் தீராத வரைக்கும் மிராசுதாரனை விட்டு நகர முடியாது. குடியிருக்கிற மனைக்கட்டும் அவனுக்குச் சொந்தமில்லை. எதிர்த்துப் பேசினால் வீட்டைக் காலி பண்ண வேண்டியதுதான். தரிசு நிலத்துக்கு மனுப் போட்டால் மிராசுதார் குறுக்கே நிற்பான். இந்த அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான் 1892இல் பஞ்சமி நில உத்தரவு வந்தது. ஓடிப்போனால் தேடிப் பிடித்து வருகிறவனை ‘வெளியே தள்ளப்பட்டவன்’ என்று எந்த மொழியில் சொல்வது? அவன் வெளியேற முடியாதபடி உள்ளே கட்டிப்போடப்பட்டவன். ஊருக்கு வெளியே குடிவைத்தது தீட்டு. வயலுக்குள் பூட்டி வைத்தது லாபம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் சாதி தெரியும்.

ஆங்கிலச் சொல் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியைக் கழற்றிவிட்டது. மிராசுதாரன் காணாமல் போய்விட்டான். நிலம் போய்விட்டது, நெல்லும் போய்விட்டது. ‘ஒதுக்கப்பட்டவன்’ என்று சொன்னால் போதும், ஒதுக்கினது யார், எதற்காக என்று கேட்க வேண்டியதில்லை. அந்த நிலத்துச் சண்டை பாரிஸ் மேடையில் முடிந்திருக்கலாம், செங்கல்பட்டில் முடியவில்லை. 1994 அக்டோபரில் அதே மாவட்டத்தில், காரணை கிராமத்தில், பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் மேல் போலீஸ் சுட்டதில் இரண்டு தோழர்கள் செத்தார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் சொல் சமூகவியலுக்குள் போனது. மாக்ஸ் வேபர் யூதர்களைப் ‘பரையா மக்கள்’ என்றார். நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போன ஹன்னா அரெண்ட் 1944இல் ‘பரையாவாக யூதன்’ என்று கட்டுரை எழுதினார். மேல்தட்டுக்குள் நுழைய நாக்கைத் தொங்கப்போடாமல், தான் ஒதுக்கப்பட்டவன் என்பதை உணர்ந்து கலகம் பண்ணுகிறவனை அவர் உயர்த்திப் பிடித்தார். அந்த வலி உண்மையான வலி; அதை நாம் மதிக்கிறோம். ஆனால் அந்த விவாதத்திலும் பறையன் ஓர் உவமைதான்.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் பெரிய கொடுமை. 1970களில் ‘பரையா ஸ்டேட்’ என்ற பேச்சு வந்தது. அந்தப் பேரில் அதிகமாக அடிபட்ட நாடு தென்னாப்பிரிக்கா. யோசித்துப் பாருங்கள். கறுப்பனுக்குத் தனிக் குடியிருப்பு, தனிப் பள்ளிக்கூடம், தனி பெஞ்சு, ஆனால் சுரங்கத்தில் மட்டும் அவன் உழைப்பு வேண்டும் – அங்கே அச்சு அசலாகச் சேரியைக் கட்டினவன் வெள்ளை நிறவெறி அரசு. அவனை உலகம் ஒதுக்கியபோது அவனுக்கு வைத்த பேர் பறையன்! 2018இல் சவூதிப் பத்திரிகையாளர் கஷோகி கொல்லப்பட்டார். 2019 நவம்பரில், அமெரிக்கத் தேர்தல் விவாத மேடையில், சவூதி ஆட்சியாளர்களைப் பரையா ஆக்கப்போவதாக ஜோ பைடன் சொன்னார். கொலை பண்ணினவனுக்கும் நம்ம பேர், நிறவெறியனுக்கும் நம்ம பேர். செய்தவன் சாதி இந்துவைப் போல நடக்கிறான், திட்டு மட்டும் சேரிக்கு வருகிறது. இது என்னய்யா நியாயம்?

நம்மவர்கள் இந்தப் பேரை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் பத்திரிகை தொடங்கினார். பேர் ‘பறையன்’. நான்தான் அவன் என்று முன்னால் வராமல் உரிமை கேட்க முடியாது என்பது அவர் எண்ணம். அவருடைய மைத்துனர் அயோத்திதாச பண்டிதர் வேறு வழியில் போனார். 1907இல் தொடங்கிய அவருடைய பத்திரிகை ‘ஒரு பைசாத் தமிழன்’. நாம் பூர்வ பௌத்தர்கள், பறையன் என்பது பகைவர்கள் சுமத்திய பேர் என்றார். வேஷ பிராமணர்களின் பொய்யைப் பறைந்ததால், அதாவது சொல்லிவிட்டதால், வந்த பேர் என்றும் விளக்கினார். மாமன் மச்சான் இரண்டு பேருக்குள்ளேயே இரண்டு அரசியல். இரண்டும் தன்மானத்திலிருந்து பிறந்ததுதான். 1922இல் எம்.சி. ராஜா சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அரசாங்கப் பதிவேடுகளில் பறையன், பஞ்சமன் என்ற பேர்கள் போய் ஆதிதிராவிடர் வந்தது.

அதே 1922இல் பாரிஸில் ஒரு பத்திரிகை தொடங்கியது. அல்ஜீரியா, மடகாஸ்கர், இந்தோசீனா என்று பிரெஞ்சுக் காலனிகளிலிருந்து வந்தவர்கள் நடத்தினார்கள். பின்னாளில் ஹோ சி மின் என்று அறியப்பட்டவர் அதில் முன்னணியில் நின்று எழுதினார். பத்திரிகையின் பேர் ‘லெ பாரியா’. சென்னையில் நாம் அந்தப் பேரைக் கழற்றிப் போட்ட வருஷத்தில், பாரிஸில் வேறு அடிமைகள் அதை எடுத்துக் கொடியில் கட்டினார்கள். இதில் ஒருத்தர் சரி, ஒருத்தர் தப்பு என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. பாரிஸ்காரர்களை அந்தப் பேர் சொல்லிக் கிணற்றடியிலிருந்து யாரும் விரட்டவில்லை. நம்மை விரட்டினார்கள். பேரைச் சூடிக்கொள்வதா கழற்றிப் போடுவதா என்பதை, விரட்டப்பட்டவன்தான் முடிவு செய்ய முடியும்.

மலேசியாவில் இது வேறு மாதிரி வெடித்தது. மலாய் மொழியிலும் ‘பாரியா’ வசைச் சொல். 1971இல் அப்துல்லா ஹுசைன் எழுதிய ‘இன்டர்லோக்’ நாவலை 2011இல் ஐந்தாம் படிவ மாணவர்களுக்குப் பாடமாக வைத்தார்கள். வேலை தேடி வந்த இந்தியர்களைப் பாரியா என்று அது குறிப்பிடுவதாக எதிர்ப்புக் கிளம்பி, அந்த வருஷக் கடைசியில் புத்தகம் விலக்கப்பட்டது. வகுப்பில் நம் பிள்ளைகளை அந்தச் சொல்லால் சீண்டுவார்கள் என்ற பயம் நியாயமானது. ஆனால் ‘எங்களைப் போய் அப்படிச் சொல்வதா’ என்று கேட்கிறபோது அந்த ‘எங்களை’யில் யார் இருக்கிறார்கள்? ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறினவர்களில் நம் மக்கள் எவ்வளவு பேர்! சொல் வசையாக இருப்பதை எதிர்ப்பது ஒரு போராட்டம். அந்த மக்களோடு தன்னைச் சேர்த்துவிட்டார்களே என்று வெட்கப்படுவது இன்னொரு சாதிவெறி. இரண்டும் ஒரே கோஷத்துக்குள் நிற்க முடியும் என்பதை நாம் மறக்கக் கூடாது.

இங்கே சட்டம் இருக்கிறது. 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2015இல் திருத்தப்பட்ட பிறகு இன்னும் தெளிவாகவே சொல்கிறது: பொதுப் பார்வையில் சாதிப் பேர் சொல்லித் திட்டினால் குற்றம். டீக்கடையில் சொன்னால் வழக்கு. அதையே ஆங்கிலத் தலையங்கத்தில் எழுதினால் நல்ல நடை. நாயைப் பற்றி எழுதினால் விலங்கியல்.

எழுதுகிற தோழர்கள், மொழிபெயர்க்கிற மாணவர்கள் இரண்டு காரியம் செய்யலாம். இந்தச் சொல் எதிரில் வந்தால் அப்படியே இறக்கிவிடாதீர்கள்; ‘தீண்டத்தகாத நாடு’ என்றும் எழுதிவிடாதீர்கள். அதுவும் அதே நஞ்சுதான். யார் யாரை எதற்காக ஒதுக்கினார்கள் என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். தென்னாப்பிரிக்க அரசை உலக நாடுகள் நிறவெறிக்காகப் புறக்கணித்தன என்று எழுத ஒரு வரி கூடுதலாகச் செலவாகும், ஆனால் அந்த வரிக்குள் குற்றவாளி இருப்பான். இரண்டாவது, ஆங்கிலத்தில் எழுதுகிற நம் பிள்ளைகள் அந்தச் சொல்லைக் கேட்ட இடத்திலேயே நிறுத்தி, அது ஒரு மக்களின் பேர், அந்த மக்கள் உயிரோடு இருக்கிறார்கள், அவர்கள் உழுத நிலம் இன்னும் அவர்கள் கைக்கு வரவில்லை என்று சொல்லட்டும். பறைதல் என்றால் அதுதானே.