உத்தரமேரூர்ச் சபையும் அதன் ஐயங்களும்

குடவோலை முறையைப் பண்டைத் தமிழர் மக்களாட்சிக்குச் சான்றாகக் காட்டுதல் நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பெருமை பேசுமுன் சாசனங்களை நின்று வாசித்தல் நன்று. அவை பறைசாற்றுவது நம்பிக்கையை அன்று, ஐயத்தையே.

முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 919) உத்தரமேரூர்ச் சபையார் வாரியத் தெரிவுக்கு ஒழுங்கு வகுத்துக் கல்லிற் பொறித்தனர். 14ஆம் ஆட்சியாண்டிலே (கி.பி. 921) மீண்டும் கூடி அதனைத் திருத்தினர். முன்னர் 30 முதல் 60 வரையென நின்ற வயதெல்லை 35 முதல் 70 வரையென மாறிற்று. இரண்டே ஆண்டுகளில் திருத்தம் வேண்டியதேன்? விடையைப் புதிய விதிகளிலேயே தேடலாம்.

முந்திய மூன்றாண்டுகளுள் வாரியஞ் செய்தவர் மீண்டும் வரலாகாது. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதிருந்தவர் விலக்கப்பட்டார். அவர் மட்டுமன்றி மகன், தந்தை, உடன்பிறந்தார், மாமன், மருமகன் என உறவினரும் விலக்கப்பட்டனர். இத்துணை நுணுக்கமான உறவுப் பட்டியலை எவரும் வீணே கல்லில் வெட்டுவிப்பதில்லை. கணக்கை மறைத்தவன் தன் மைத்துனனை முன்னிறுத்திய நிகழ்ச்சி ஏதேனும் அவ்வூரார் நினைவில் இருந்திருத்தல் வேண்டுமெனக் கருத இடமுண்டு.

தெரிவு நடைபெற்ற விதமும் அத்தகையதே. ஊரின் 30 குடும்புகளும் தத்தம் ஓலைகளைத் தனித்தனிக் கட்டாகக் கட்டிக் குடத்திலிடும். நம்பிமாருள் மூத்தவர் குடத்தை எல்லாருங் காணத் தூக்கி நிற்பார். ஏதுமறியாச் சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதனை வேறொரு குடத்திலிட்டுக் குலைத்தபின் ஓர் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் அதனை ஏற்று வாசிப்பான். அங்கிருந்த நம்பிமார் அனைவரும் அதனை வாசித்தல் வேண்டும். விரலிடையே ஓலையை மாற்றும் வித்தையை அறிந்தவர்களே இவ்விதியை எழுதியிருப்பர்!

தெரிவானோர் பதவி 360 நாட்களுக்கே உரியது. குற்றங் காணப்பட்டவர் அதற்கு முன்னரே நீக்கப்படுவார்.

எனினும் இவ்வரண் எவரைச் சூழ்ந்து நின்றது என்பதும் நோக்கற்பாலது. உத்தரமேரூர் பிராமணர்க்கு உரிய சதுர்வேதிமங்கலம். இறை செலுத்தும் கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் உடையாரே ஓலையிற் பெயர் பெறலாம்; அரைக்கால் வேலி உடையார்க்குக் கல்வி மிகுதி பற்றி ஒரு சலுகை உண்டு. ஏரி வாரியத்திற்கு ஆண்டுதோறும் அறுவர் தெரிவாயினர். அவ்வேரி நீர் பாய்ந்த வயலை உழுதவன் பெயரோ எக்குடத்திலும் இடப்படவில்லை.