ஒரே கல்லூரி, மூன்று பல்கலைக்கழகங்கள்



சென்ற வாரம் அலமாரியை ஒதுக்கியபோது எங்கள் குடும்பத்தின் பழைய சான்றிதழ்கள் மூன்று கையில் கிடைத்தன. மாமா 1954-இல் இன்டர்மீடியட் முடித்ததில் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் என்று இருக்கிறது. அண்ணனின் 1975 பி.ஏ. பட்டத்தில் மதுரைப் பல்கலைக்கழகம். தங்கை மகளின் 1997 பி.எஸ்சி.யில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். ஆனால் மூவரும் இனயத்திலிருந்து போய்ப் படித்தது ஒரே இடத்தில்: நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி.

இது எப்படி என்று இளையவர்கள் கேட்கலாம். மிஷனரி ரிங்கல்தௌபே 1809-இல் மயிலாடியில் தொடங்கிய பள்ளிதான் இதன் வேர். அது நாகர்கோவிலில் வளர்ந்து 1893-இல் கல்லூரியானது. அன்று சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. 1937-இல் திருவிதாங்கூருக்கென்று தனிப் பல்கலைக்கழகம் வந்ததும் அதன்கீழ் போனது. 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தாய்த்தமிழகத்தோடு இணைந்தது. அதன்பின் மறுபடியும் சென்னை. பிறகு 1966-இல் தொடங்கிய மதுரைப் பல்கலைக்கழகம், 1990-இல் தொடங்கிய நெல்லைப் பல்கலைக்கழகம். கல்லூரி இடம் மாறவில்லை. மாநில எல்லையும் பல்கலைக்கழகமும்தான் மாறின.

மாமா உயிரோடு இருந்தபோது ஒருமுறை கேட்டேன், "நீங்க எந்த யுனிவர்சிட்டி மாமா?"

"அதை ஆரு பாத்தா? நான் ஸ்காட்டாக்கும்" என்றார்.

கல்யாண வீட்டில் அவரும் அண்ணனும் தங்கை மகளும் சேர்ந்தால் பேச்சு அங்கேதான் போகும். வயது வித்தியாசம் மறந்துவிடும். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நான் கல்லூரிக்குப் போகவில்லை. இரண்டு ஆண்டு ஆசிரியர் பயிற்சிதான். நான் பயின்ற பயிற்சிப் பள்ளி இன்று இல்லை. மூடி ஆண்டுகள் பல ஆகின்றன. பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். எங்கள் வருகைப் பதிவேடு, குழுப்படம் எல்லாம் எங்கே போயின என்று கேட்கவும் ஆளில்லை. ஆண்டுக்கொருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடுகிறோம். போன முறை 11 பேர். எங்களுக்குப் பின் அந்தப் பெயரைச் சொல்ல அடுத்த தலைமுறை இல்லை.

பழைய மாணவர் சங்கம் என்றால் நன்கொடையும் விருந்தும் மட்டும் என்று நினைத்திருந்தேன். தாத்தாவும் பேத்தியும் ஒரே வகுப்பறையைப் பற்றிப் பேச முடிவதுதான் அதன் சொத்து என்று இப்போது புரிகிறது.

உங்கள் வீட்டுச் சான்றிதழ்களையும் எடுத்துப் பாருங்கள். எந்தக் கல்லூரி, எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஆண்டு என்று கீழே எழுதுங்கள். மூடிப்போன பள்ளியில் படித்தவர்கள் முதலில் எழுதுங்கள்.