கடைக்குட்டி பள்ளிக்குப் போன வரலாறு



கோயில் எழும்பிய வரலாற்றையும், பணிபுரிந்த குருக்கள், கன்னியர் வரலாற்றையும் இம்மலரின் பிற பக்கங்களில் வாசிப்பீர்கள். நாம் எழுதப் புகுவது சிறியதொரு சரித்திரம். சூன் மாதம் பிறந்தால் நமது கணியம்பாடித் தெருக்களில் வீட்டின் கடைக்குட்டி அழுதுகொண்டே பால்வாடிக்குப் போகிறதே, அப்பயணம் எங்கிருந்து தொடங்கியது என்பதே அது.

நமது பழைய திண்ணைப் பள்ளியில் மூன்று வயதுப் பிள்ளைக்கு இடமில்லை. பெரும்பாலும் ஐந்து வயதில்தான் மணலில் விரல் வைத்து 'அ' எழுதுவார்கள். (சென்னை எழும்பூரில் ஆண் அநாதைகள் விடுதியை நடத்திவந்த ஆண்ட்ரூ பெல் என்பவர் இந்த மணல் எழுத்தைக் கண்டு வியந்து, 1797இல் இலண்டனில் அதுபற்றி நூலே வெளியிட்டார். நம்மவர்தாம் அதைப் பெரிதாக எண்ணவில்லை!) அதுவரை பிள்ளையைப் பார்ப்பது யார்? பாட்டி இருந்தால் பாட்டி, இல்லையேல் அக்காள்.

சிறு பிள்ளைக்கென்று தனிப்பள்ளி கண்டவருள் முதன்மையானவர் செர்மனி நாட்டுப் பிரோபெல். 1837இல் தொடங்கிய தம் பள்ளிக்கு 1840இல் 'குழந்தைகளின் தோட்டம்' என்று பெயரிட்டார். பிரஷ்ய அரசு 1851இல் அதற்குத் தடை விதித்தது. மறு ஆண்டே அவர் இறந்தார். தடை நீங்கியது 1860இல். பிள்ளைகள் பாடி விளையாடுவதற்கு அஞ்சிய அரசும் உலகில் இருந்திருக்கிறது!

ஆனால் நம் ஊருக்கு நெருங்கிய உறவுடையது உரோமை நகரக் கதைதான். அங்கே சான் லொரென்சோ என்ற ஏழைகள் குடியிருப்பில் தாய் தந்தையர் இருவரும் வேலைக்குப் போய்விட, பிள்ளைகள் படிக்கட்டில் திரிந்து புதுச் சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கின. சுவரைக் காப்பாற்றவே வீட்டு உரிமையாளர்கள் ஓர் அறையை ஒதுக்கி, மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையாரை அழைத்தார்கள். 1907ஆம் ஆண்டு சனவரி 6, மூன்று இராசாக்கள் திருநாளன்று அந்தக் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. சுவருக்காகத் தொடங்கியது பிள்ளைக்கு வாழ்வாயிற்று.

அவ்வம்மையார் 1939 நவம்பரில் சென்னை அடையாற்றுக்கு வந்து, ஆசிரியர் முந்நூறு பேருக்குப் பயிற்சி தந்தார். சில மாதங்களுக்கென வந்தவர், போர் மூண்டதால் எதிரி நாட்டவராகக் கருதப்பட்டு, 1946வரை இந்நாட்டிலேயே தங்க நேர்ந்தது, கொடைக்கானலிலும் வாழ்ந்தார். சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்தைப் பிள்ளை விரலால் தடவிப் படிப்பது அவர் முறை. நமது மணல் எழுத்துக்கு அது தங்கை முறை என்றே நாம் கருதுகிறோம்.

எனினும் இவையெல்லாம் நெடுங்காலம் வசதியுள்ளோர் வீட்டுப் பிள்ளைகளுக்கே கிட்டின. கிராமத்துக் கடைக்குட்டிக்குக் கதவைத் திறந்தவை இரண்டு: 1975 அக்டோபர் 2இல் நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கிய குழந்தைகள் வளர்ச்சித் திட்டம், 1982 சூலை 1இல் முதல்வர் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு. பின்னது கிராமங்களில் இரண்டு வயதுப் பிள்ளைக்கும் சோறு போட்டது.

இதில் சோற்றைப் பற்றி எல்லாரும் பேசுவர். அக்காளைப் பற்றிப் பேசுவோர் குறைவு. மூன்றாம் வகுப்போடு நின்றுபோன நம் மூத்த தாய்மாரை ஏன் படிக்கவில்லை என்று கேட்டால், இடுப்பில் தம்பி இருந்தான் என்பதே பலருடைய மறுமொழி. கடைக்குட்டி பால்வாடிக்குப் போன அன்றுதான் அக்காளின் இடுப்பு காலியாயிற்று. அவள் கைக்குப் புத்தகம் வந்தது. ஆகவே பால்வாடியில் ஒரு பிள்ளையைச் சேர்ப்பது இரண்டு பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதாகும்.

தோல் தொழிற்சாலைகள் மிகுந்த நம் வட்டாரத்தில் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட அவர்தம் பிள்ளைகளுக்குக் காப்பகம் வைக்கச் சொன்னது. 1976இல் அந்த எண்ணிக்கை 30ஆகக் குறைந்தது. ஆம்பூர்ப் பக்கம் செருப்பின் மேற்தோலை வீட்டுக்கு வாங்கி வந்து திண்ணையில் தைக்கும் பெண்களுக்கோ அச்சட்டம் எட்டவில்லை. அவர்கள் ஊசியும் நூலுமாய்த் தைக்கையில், பக்கத்திலிருக்கும் பிள்ளையைக் கவனிக்க இன்னும் சில வீடுகளில் அக்காளையே நிறுத்திவைக்கிறார்கள்.