வாளியின் அடியில் ஒரு மச்சம்

வீட்டில் பிளாஸ்டிக் வாளி இருந்தால் ஒரு தரம் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பக்கம், நட்டநடுவில், மச்சம் போல ஒரு சிறு தழும்பு தெரியும். உருகிய பிளாஸ்டிக் இரும்பு அச்சுக்குள் நுழைந்த வாசல் அது. தண்ணீர்க் குடத்தில் தேடாதீர்கள். குடம் உள்ளே காற்றை ஊதிச் செய்வது. அது வேறு கதை.

இதை எனக்குச் சொன்னவன் என் அக்கா மகன். 1985 வாக்கில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு தியாகதுருகத்துக்கு வந்தவன், "மாமா, கிண்டியில பிளாஸ்டிக் அச்சுப் படிப்பு இருக்காம், சேரட்டுமா?" என்று கேட்டான். நான் அப்போது அரசு அலுவலகத்தில் எழுத்தர். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த மேதாவி வேறு. "பிளாஸ்டிக்கா? டைப்ரைட்டிங் ஹையர் முடிச்சுட்டு சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுது" என்றேன். நல்ல வேளை, அவன் கேட்கவில்லை.

அவன் சொன்ன இடம் சிப்பெட். மத்திய அரசு ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு 1968இல் கிண்டியில் தொடங்கியது. அதன் முதல் பெயரில் பிளாஸ்டிக் பொறியியலோடு 'கருவிகள்' என்ற சொல்லும் இருந்தது. கருவி என்றால் இங்கே முக்கியமாக அச்சுதான். இயந்திரத்தை வெளிநாட்டிலிருந்து ஒரு முறை வாங்கிவிடலாம். ஆனால் வாளிக்கு ஒரு அச்சு, அதன் மூடிக்கு ஒரு அச்சு, பேனா மூடிக்கு ஒரு அச்சு என்று பொருளுக்குப் பொருள் புதிது வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த கைகள் நாட்டில் இல்லாவிட்டால் இயந்திரம் சும்மா கிடக்கும்.

உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அழுத்திச் செலுத்தும் முறை பழையது. அமெரிக்காவில் ஹையாட் சகோதரர்கள் செல்லுலாய்டுக்காக 1872இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். இன்றைய இயந்திரங்களில் உள்ள திருகாணி முறை 1946இல் ஜேம்ஸ் ஹென்ட்ரி கொண்டுவந்தது. பொருள் பெரிது, சிறிது எதுவானாலும் அச்சு கேட்பது இரண்டு விஷயம். நம் பக்கம் கரும்பு ஆலையில் அச்சு வெல்லம் போடும் மரப்பலகையைப் பார்த்தவர்களுக்கு முதல் விஷயம் உடனே புரியும். குழியின் வாய் அகலம், அடி குறுகல். பக்கங்கள் நேர்செங்குத்தாக இருந்தால் கவிழ்த்துத் தட்டினாலும் வெல்லம் விழாது. பிளாஸ்டிக் அச்சிலும் ஒரு டிகிரி அளவுக்காவது அந்தச் சாய்வு வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் அதைத் 'தெபூய்' என்பார்கள். பாம்பு உரித்த சட்டைக்கும் அதே சொல்தான்! வழுக்கிக் கழல்வது. (வாளியின் தழும்பில் ஒட்டியிருந்து வெட்டப்படும் துண்டுக்கு அவர்கள் வைத்த பெயர் 'கரோத்'. நம் சாம்பார் கேரட்டேதான்.)

இரண்டாவது, சுருக்கம். வாளி செய்யும் பாலிபுரொப்பிலீன் ஆறும்போது நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டரை வரை சுருங்கும். 100 மி.மீ. வாய் வேண்டுமானால் அச்சை ஏறக்குறைய 101.5 மி.மீ. வைத்து வெட்ட வேண்டும். இந்தக் கணக்கையெல்லாம் அவன் படித்த காலத்தில் வரைபலகையில், பென்சிலில் போட்டார்கள். வளைவு வரைய 'பிரெஞ்சு கர்வ்' என்ற நெளிந்த தகடு உண்டு. ஆனால் தாளில் இருப்பது தட்டைப் படம். மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று. இரண்டுக்கும் நடுவே வளைவு எப்படிப் போகிறது என்பது அச்சு செதுக்குபவரின் கண்ணிலும் அரத்திலும்தான் இருந்தது.

அந்த வளைவைக் கணக்காக மாற்றியவர்களும் பிரெஞ்சுக்காரர்களே. 1959இல் சித்ரோயேன் கார் கம்பெனியில் போல் த காஸ்தெல்ஜோ என்ற கணிதர் வழி கண்டுபிடித்தார். கம்பெனி அதை ரகசியமாகப் பூட்டி வைத்தது. போட்டி நிறுவனமான ரெனோவில் பியேர் பெஸியே தாமே அதே இடத்துக்கு வந்து, வெளியிலும் சொன்னார். இன்று உலகம் முழுக்க அது 'பெஸியே வளைவு'. கோப்பைப் பூட்டி வைத்தால் பெயர் அடுத்தவருக்குப் போகும் என்பது எங்கள் அலுவலக அனுபவமும்கூட. 1977இல் தாஸோ விமானக் கம்பெனி தொடங்கிய மென்பொருள் பிறகு 'காத்தியா' ஆயிற்று. 1982இல் ஆட்டோகேட் வந்தது. 1978இலேயே மெல்போர்னில் காலின் ஆஸ்டின் என்பவர் 'மோல்ட்ஃப்ளோ' தொடங்கிவிட்டார். பிளாஸ்டிக் அச்சுக்குள் எங்கே முதலில் நிரம்பும், எங்கே தயங்கும் என்று இரும்பை வெட்டுவதற்கு முன்பே கணக்குப் போட்டுச் சொல்வது அது.

தொண்ணூறுகளின் நடுவில் இந்த அலை அவன் வேலை பார்த்த பட்டறைக்கும் வந்தது. பெயர் வேண்டாம். முப்பது வயதை நெருங்கியவன் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு மாலை வகுப்பில் போய்க் கணினி கற்றான். அவனுக்கு வரைபடம் சொல்லிக்கொடுத்த மூத்த டிராஃப்ட்ஸ்மேன், "மவுஸைப் பிடிச்சா கோடு வராதுப்பா" என்று ஒதுங்கிவிட்டார்.

அவன் கணினியில் தனியாக வரைந்த முதல் அச்சு ஓர் ஆழமான பெட்டிக்கு. திரையில் சுற்றிச் சுற்றிக் காட்டினானாம், எல்லோருக்கும் சந்தோஷம். அச்சு வெட்டி, இயந்திரத்தில் ஏற்றி முதல் பெட்டி போட்டால், அச்சைவிட்டு வரவில்லை. தள்ளிவிடும் ஊசிகள் அடிப்பாகத்தைப் பொத்துக்கொண்டு வந்தன. பெரியவர் படத்தை வாங்கிப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார்: "சாய்வு எங்கடா?"

உள்சுவர்களுக்குச் சாய்வு கொடுக்க மறந்திருக்கிறான். கணினியும் ஏன் என்று கேட்கவில்லை. மறுபடி வெட்டிச் சரிசெய்யப் பல வாரம் ஆயிற்று. அதற்குப் பிறகு அவன் வரையும் ஒவ்வொரு படத்தையும் பெரியவரிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்பினான். ஆனாலும் இரண்டு வருஷத்தில் அவருடைய வரைபலகை பழைய சாமானோடு போயிற்று, அவரும் ஊருக்குப் போய்விட்டார். இதைச் சொல்லும்போது மட்டும் அவன் இன்னமும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறான்.

சிப்பெட்டில் இப்போது பத்தாவது முடித்தவர்களுக்கு மூன்றாண்டு அச்சுத் தொழில்நுட்ப டிப்ளமோ இருக்கிறது. டிப்ளமோ முடித்தவர்களுக்குக் கணினி வழி அச்சு வடிவமைப்புக்கென்றே தனிப் படிப்பும் உண்டு. பேரப்பிள்ளைகளுக்கு விருப்பமிருந்தால் கிண்டிக்கே நேராக எழுதி விசாரியுங்கள். என்னிடம் யோசனை கேட்க வேண்டாம்.