ஒரு மரம், மூன்று குடும்பப்பெயர்கள்: ஸ்வீடன் பல்கலைப் பதிவேடுகளும் கிரெகரி கிளார்க்கின் கணக்கும்

குடும்பப்பெயரைப் பிடித்துக்கொண்டு பல நூற்றாண்டுகளின் சமூக ஏற்ற இறக்கத்தை அளக்க முடியும் என்று வாதிட்டவர்களில் கலிஃபோர்னியப் பொருளியல் வரலாற்றாசிரியர் கிரெகரி கிளார்க் முதன்மையானவர். 2014இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ‘தி சன் ஆல்சோ ரைசஸ்’ என்னும் அவரது நூலின் முடிவு சுருக்கமானது. இடைக்கால இங்கிலாந்தோ இன்றைய ஸ்வீடனோ, எந்த நாடாயினும் ஒரு தலைமுறையின் நிலையில் பத்தில் ஏழெட்டுப் பங்கு அடுத்த தலைமுறைக்கு அப்படியே இறங்குகிறது என்கிறார் அவர். கட்டணமில்லாக் கல்வியும் மக்கள்நல அரசும் இந்த வேகத்தைத் தொடவில்லையாம். இக்கட்டுரை அந்நூலின் ஸ்வீடன் இயலை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. கிளார்க்கின் வாதத்துக்கு மிகக் கடினமான சோதனைக்களமும் அதுதான், அவர் மிகுந்த உறுதியோடு பேசும் இடமும் அதுதான்.

முறை எளிது. அரிதான ஒரு பெயர் மக்கள்தொகையில் எவ்வளவு, பல்கலைக்கழகப் பதிவேட்டிலோ மருத்துவர் பட்டியலிலோ எவ்வளவு என்று ஒப்பிட வேண்டும். முப்பதாண்டு கழித்து மீண்டும் ஒப்பிட வேண்டும். மிகுதி எவ்வளவு மெதுவாகக் கரைகிறதோ அவ்வளவு நிலைபேறு. இங்கிலாந்தில் இம்முறை நன்றாகவே வேலை செய்கிறது. நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பெப்பிஸின் குடும்பம் கிளார்க்கின் சான்று. 1496 முதல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பதிவேடுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெப்பிஸ்கள் வருகிறார்கள். அவ்வளவு சிறிய குடும்பத்துக்கு இரண்டு மூன்று பேர் வந்திருந்தாலே போதும். இங்கிலாந்தில் 14ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே குடும்பப்பெயர் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும் சொத்தாகிவிட்டது. எனவே பெயரைத் தொடர்வது வம்சத்தைத் தொடர்வதுதான் என்று அங்கே சொல்லலாம்.

ஸ்வீடனில் அப்படிச் சொல்ல முடியாது என்பதே என் வாதம்.

17, 18ஆம் நூற்றாண்டு ஸ்வீடனில் பெரும்பான்மையோருக்குக் குடும்பப்பெயரே கிடையாது. இங்கெமாரின் மகன் இங்கெமார்சன். அவனுடைய மகனுக்கு அவன் பெயர். நம் இனிஷியலைப் போலத் தலைமுறைக்குத் தலைமுறை மாறும் வழக்கு. நிலையான பெயர் வேண்டியிருந்தவர்கள் சிலரே. பிரபுக்களுக்கு 1626இல் ஒழுங்குபடுத்தப்பட்ட பிரபுக்கள் மன்றத்தின் பட்டியல் இருந்தது. படைவீரனுக்குப் படைப்பிரிவு பெயர் கொடுத்தது. அவன் குடியிருந்த நிலத்துக்கு அடுத்து வரும் வீரன், உறவே இல்லாதவனாயினும், பல இடங்களில் அதே பெயரைப் பெற்றான். பாதிரியாராகவோ ஆசிரியராகவோ ஆக விரும்பிய குடியானவர் மகன், பள்ளியிலோ பல்கலைக்கழகத்திலோ சேரும்போது ஊரையோ பண்ணையையோ இலத்தீனாக்கி ‘இயஸ்’, ‘ஏயஸ்’ என்று முடியும் பெயரைத் தானே சூட்டிக்கொண்டான். இந்த மூன்றாம் வகையை கிளார்க் ஒரு தனி மேட்டுக்குடியாக எண்ணி, அவர்களின் வழித்தோன்றல்கள் அரச கலைக்கழகங்களிலும் மருத்துவர் பட்டியலிலும் இன்றும் மிகுந்திருப்பதைக் காட்டுகிறார். பெயர் சூட்டிக்கொள்ளும் வழக்கத்தை அவர் அறியாதவரல்லர். ஆனால் அதைத் தொடக்கக் குறிப்பாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார். என் பார்வையில் அது கணக்கின் நடுவிலேயே நிற்கும் சிக்கல். ஒருவன் பதிவேட்டில் ஏறியதால்தான் பெயரே பிறந்தது என்றால், அந்தப் பெயர் பதிவேட்டில் மிகுந்திருப்பதை வியப்பது எப்படி?

இதை ஒரு குடும்பத்தின் வழியே பார்ப்போம். தாவரங்களுக்கு இருசொற் பெயர்முறையை நிலைநிறுத்திய கார்ல் லின்னேயஸ் 1707இல் தென் ஸ்வீடனின் ஸ்மோலண்ட் பகுதியில் ரோஷுல்ட் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை நில்ஸ் இங்கெமார்சன், குடியானவர் மகன். லுண்ட் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போனபோது ஒரு குடும்பப்பெயர் தேவைப்பட்டது. குடும்ப நிலத்தில் நின்ற பெரிய லிண்டன் மரத்தை நினைத்து லின்னேயஸ் என்று வைத்துக்கொண்டார். ஆனால் அந்த மரத்திலிருந்து பெயர் எடுத்தவர் அவர் மட்டுமல்லர். அதே உறவுக் கூட்டத்தில் ஒரு கிளை அம்மரத்தின் இலத்தீன் பெயரைக் கொண்டு டிலியாண்டர் ஆனது. இன்னொரு கிளை லிண்டேலியஸ் ஆனது. நில்ஸைச் சிறுவயதில் அழைத்துவந்து தம் மக்களோடு சேர்த்துப் படிக்க வைத்தவர் தாய்வழி உறவினரான ஸ்வென் டிலியாண்டர் என்னும் பாதிரியார். அவர் வீட்டுத் தோட்டத்தில்தான் நில்ஸுக்குச் செடிகொடி ஆர்வம் பிறந்தது. அது மகனிடம் என்னவாயிற்று என்பதை உலகம் அறியும்.

கிளார்க்கின் முறையில் இவை மூன்று குடும்பங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பற்ற மூன்று அரிய பெயர்கள். உண்மையில் கல்வியும் திருச்சபைப் பதவியும் தோட்டமும் ஒரே உறவுக்குள், அதுவும் தாய்வழியாக, கைமாறியிருக்கின்றன. மரத்தைப் பற்றிய செய்தி குடும்ப வழக்காக வந்தது, பின்னால் மெருகேறியிருக்கலாம் என்று யாராவது மறுக்கக்கூடும். மறுக்கட்டும். மரம் கற்பனையாகவே இருந்தாலும் டிலியாண்டர் உறவு கற்பனையல்ல. ஓர் இளைஞன் படிப்புக்குள் நுழைய உதவியது தந்தையின் பெயரல்ல, வேறு பெயர் கொண்ட உறவினரின் வீடு என்பதும் மாறாது.

சிக்கல் அடுத்த தலைமுறையில் இன்னும் கூர்மையாகிறது. அரசர் அடால்ஃப் ஃபிரெட்ரிக் லின்னேயஸைப் பிரபுவாக்கியது 1757இல் என்று ஒரு கணக்கு. பிரபுத்துவம் நடைமுறையானது 1761இல் என்று மற்றொரு கணக்கு. வாழ்க்கை வரலாறுகள் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகின்றன. என்னை நிறுத்தியவை அவருடைய சொந்த நூல்களின் தலைப்புப் பக்கங்கள். ‘சிஸ்டெமா நாச்சுரே’ பத்தாம் பதிப்பு 1758இல் வந்தது. விலங்குப் பெயரிடலுக்கு இன்றும் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளப்படுவது அதுதான். அதன் முகப்பில் ‘கரோலி லின்னேயி’ என்றிருக்கிறது. உடனே துருவமீன் விருதின் வீரர் என்ற பட்டமும், அரச மருத்துவர், உப்சாலாப் பேராசிரியர் என்ற பதவிகளும் வரிசையாக வருகின்றன. எந்தச் சிறப்பையும் விட்டுவிட்டதாகத் தெரியவில்லை. பிரபுப் பெயர் மட்டும் இல்லை. பன்னிரண்டாம் பதிப்பு 1766இல் வரும்போது ‘கரோலி அ லின்னே’ என்று மாறிவிடுகிறது.

பட்டங்களையெல்லாம் முகப்பில் அடுக்கிய ஒருவர், கையிலிருந்த பிரபுப் பெயரை மட்டும் அடக்கத்தால் மறைத்தார் என்பதை ஏற்க இயலவில்லை. 1758இல் அந்தப் பெயர் அவரிடம் இல்லை. 1757 என்பது பின்னால் கணக்கில் ஏற்றிய ஆண்டு என்றே கொள்ள வேண்டும். ஒரே ஒரு நூலின் இரு பதிப்புகளை வைத்து இதை முடிந்த முடிவாகச் சொல்லமாட்டேன். அச்சகத்தார் பழைய முகப்பை ஒட்டியே கோத்திருக்கவும் கூடும். ஆனால் பட்டங்களின் பட்டியல் புதுப்பிக்கப்பட்டிருப்பது அந்த ஐயத்தைப் பெரிதும் குறைக்கிறது.

இந்த ஆண்டுக் கணக்கு ஏன் முக்கியம்? 1739இல் ஸ்வீடன் அரச அறிவியல் கழகம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவர் லின்னேயஸ். கழக உறுப்பினர் பட்டியல் கிளார்க் பயன்படுத்தும் ஆவண வகைகளில் ஒன்று. அப்பட்டியலில் இவரை எந்தப் பத்தியில் வைப்பது? 1739இல் இலத்தீன் பெயர்க்காரர். 1766இல் பிரபு. அவருடைய தம்பி சாமுவேல், தந்தைக்குப் பின் ஸ்டென்புரோஹுல்ட் திருச்சபைக்குப் பொறுப்பேற்றவர், இறுதிவரை லின்னேயஸாகவே இருந்தார். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரு வகுப்புகளில் விழுகிறார்கள். அண்ணன் கிளையில் மகன் இளைய கார்ல் உப்சாலாவில் தந்தையின் பதவியைப் பெற்று 1783இல் இறந்ததோடு ஆண்வழி முடிந்தது. ‘ஃபான் லின்னே’ என்ற பிரபுப் பெயர் இரண்டே தலைமுறை.

இது ஒரு மேதையின் தனிக்கதை அல்ல. லூலியோ பகுதியின் பென்ஸ்பியுன் சிற்றூரில் குடியானவர் வீட்டில் பிறந்த எரிக், ஊர்ப்பெயரால் பென்செலியஸ் ஆகி, உப்சாலாவின் பேராயரானார். அவருடைய மக்கள் எரிக், யாக்கோப், ஹென்ரிக் மூவரும் பின்னர் ஒருவர்பின் ஒருவராகப் பேராயர்களானார்கள். கிளார்க் சொல்லும் நிலைபேற்றுக்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம், அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் அதே வீட்டின் மற்ற மக்களான குஸ்தாவும் லார்ஸும் 1719இல் பிரபுக்களாகி பென்செல்ஸ்டியர்னா என்ற பெயர் பெற்றார்கள். அதே ஆண்டில்தான் ஸ்வேத்பெரி என்னும் ஆயரின் மக்கள் ஸ்வீடன்போரி ஆனார்கள். இமானுவேல் ஸ்வீடன்போரி அவர்களில் ஒருவர். குடியானவரிலிருந்து பேராயருக்கான தாவல் ஒரே தலைமுறையில் நடந்திருக்கிறது. அந்தத் தாவலைப் பெயர்வழிக் கணக்கு பார்க்கவே முடியாது, ஏனெனில் பெயர் தாவலுக்குப் பிறகுதான் பிறக்கிறது.

இதனால் கிளார்க்கின் எண் எந்தப் பக்கம் சாயும்? இரண்டு பக்கமும். படிப்பில் வென்ற புதியவர்கள் தொடர்ந்து இலத்தீன் பெயர் சூட்டிக்கொண்டு அக்கூட்டத்தில் சேர்ந்த காலம் வரை, கூட்டத்தின் மிகுதி கரையாததுபோல் தோன்றும். நிலைபேறு கூடுதலாகத் தெரியும். அதே கூட்டத்தின் உச்சியிலிருப்பவர்கள் பிரபுக்களாகி வெளியேறும்போது அது விரைவாகச் சரிவதுபோல் தோன்றும். அவர்களைப் பெற்ற பிரபுக் கூட்டமோ புத்துயிர் பெறும். இவ்விரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. 18ஆம் நூற்றாண்டைப் பொறுத்தவரை பிரபுக்களின் நிலைபேறு மிகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று துணிந்து சொல்வேன். இலத்தீன் பெயர்க்காரர்களைப் பற்றி அவ்வளவு துணிவு இல்லை. அவ்வழக்கம் ஒரு குறிப்பிட்ட ஆண்டில் நிற்கவில்லை, இடத்துக்கு இடம் தேய்ந்தது. அதற்கு எல்லைக்கோடு கிழிப்பது செயற்கையாகவே இருக்கும்.

பெண்களின் நிலை தனியே சொல்லவேண்டியது. லின்னேயஸின் தாய் கிறிஸ்டினா புரோதெர்சோனியா, ஸ்டென்புரோஹுல்ட் பாதிரியாரின் மகள். மனைவி சாரா எலிசபெத் மொரேயா, ஃபாலுன் மருத்துவர் மொரேயஸின் மகள். ‘இயஸ்’, ‘ஏயஸ்’ ஈறுகளைத் தேடும் கணக்கில் இப்பெண்கள் கண்ணில் படமாட்டார்கள். வெப்பமானிக்குப் பெயர் தந்த ஆண்டர்ஸ் செல்சியஸ் (1701-1744) இன்னும் தெளிவான சான்று. தந்தைவழிப் பாட்டனார் மாக்னஸ் செல்சியஸ் உப்சாலாவில் கணிதப் பேராசிரியர். தாய்வழிப் பாட்டனார் ஆண்டர்ஸ் ஸ்போலே அங்கேயே வானியல் பேராசிரியர். பேரன் வானியலைத்தான் எடுத்துக்கொண்டார். பெயர் ஒரு பாட்டனாரைக் காட்டி மற்றவரை மறைக்கிறது.

1901க்குப் பிந்திய காலத்துக்கு என் மறுப்பு பொருந்தாது. அவ்வாண்டின் குடும்பப்பெயர்ச் சட்டம் பிறர் பெயரை விரும்பியபடி எடுத்துக்கொள்வதைக் கட்டுப்படுத்தியது. அதன் பிறகு பெயரும் வம்சமும் பெரும்பாலும் சேர்ந்தே நடக்கின்றன. 20ஆம் நூற்றாண்டு மருத்துவர், வழக்கறிஞர் பட்டியல்களிலிருந்து கிளார்க் காட்டும் மிகுதி உண்மையானது, கவலைக்குரியதும்கூட. ஆனால் 18ஆம் நூற்றாண்டிலும் இதே வேகம்தான், ஆகவே மக்கள்நல அரசால் எதுவும் மாறவில்லை என்ற அவரது தலையாய முடிவுக்கு முன்பாதியும் வலுவாக இருக்க வேண்டும். அது இல்லை.

தமிழ்நாட்டில் இம்முறையைப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு ஒரு சொல். கிளார்க் இந்தியாவுக்கு எடுத்துக்கொண்டது வங்காளத்தை. முகர்ஜி, பானர்ஜி போன்ற பெயர்கள் அங்கே நிலையாக இறங்குகின்றன. இங்கே 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப்பட்டங்களை விடும்படி கேட்டது, பலர் விட்டார்கள். பழைய பட்டதாரிப் பட்டியல்களில் முதலியார், பிள்ளை, அய்யர் என்று எண்ணத் தொடங்கி அவை குறைந்துகொண்டே வருவதைக் கண்டு, அக்குடும்பங்கள் சரிந்தன என்று எழுதிவிடக் கூடாது. நம் பதிவேடுகளில் பெயரைவிட ஊரும், இனிஷியலுக்குள் ஒளிந்திருக்கும் தந்தை பெயரும், எங்காவது பதிவாகியிருந்தால் தாய் பெயரும்தான் உதவும். இனிஷியலை முழுப்பெயராக விரித்து எழுதிய சேர்க்கைப் பதிவேடுகள் எந்தக் கல்லூரியிலாவது இருந்தால், அவற்றைக் கழித்துவிடாமல் காப்பாற்றுங்கள்.